அக்கா வெட்டிய குளம்

அக்காவின் இந்த நினைவு மலருக்குக் கட்டுரை எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தவர் எங்கள் பெரிய மாமா. "நல்லதை மட்டும் எழுது பிள்ளை" என்று சொன்னார். அக்காவைப் பற்றி எழுத நல்லதைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இல்லை. மற்றவர்களைப் பற்றி எப்படி எழுத வேண்டும் என்று மாமா சொல்லவில்லை. எழுதி முடித்ததும் ஒருமுறை தன்னிடம் காட்டச் சொன்னார். நேரம் போதாது என்று நேரே அச்சகத்தில் கொடுத்துவிட்டேன்.

எங்கள் அன்பு அக்கா கொட்டாஞ்சேனையில், இரண்டே அறைகள் கொண்ட வாடகை வீடு ஒன்றில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் கணக்கெழுதியவர். அவர் காலமானபோது அக்கா உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தார். முடிவு நன்றாகவே வந்தது. அதை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு, கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் தட்டெழுத்து வேலைக்குப் போனார். அந்தச் சம்பளத்தில் தம்பி படித்துக் கனடா போனான். நான் படித்து ஆசிரியை ஆனேன். அம்மா கடைசிவரை மருந்துக்குக் குறையில்லாமல் இருந்தார். வெள்ளவத்தையில் இந்தப் பழைய வீட்டை வாங்கியதும் அக்காதான்.

அக்காவுக்கு வந்த சம்பந்தங்களைப் பேசும் உரிமை தாய்மாமன் என்ற முறையில் பெரிய மாமாவிடம் இருந்தது. "தம்பியும் தங்கச்சியும் ஒரு கரைக்கு வரட்டும்" என்று வந்தவர்களை அனுப்பிவைத்தார். நாங்கள் கரைக்கு வந்ததும், "இனி இந்த வயதில என்னத்துக்கு?" என்றார். இரண்டையும் சொன்னது ஒரே வாய்தான். அக்கா இரண்டு முறையும் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

அக்கா ஓய்வு பெற்றபோது அலுவலகத்தார் கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹோட்டலில் விருந்து வைத்தார்கள். அங்கே முற்றத்தில் ஒரு குளமும் அதில் சிவப்பும் வெள்ளையுமாகப் பெரிய கோய் மீன்களும் இருந்தன. விருந்து முடியும்வரை அக்கா அந்தக் குளத்தடியிலேயே நின்றாராம். வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல் பின்வளவுக்குப் போய், கயிற்றைப் பிடித்து அளந்தார்.

"என்ன அக்கா செய்யிறீங்கள்?"

"குளம் வெட்டப்போறன்."

"ஆரைக் கொண்டு?"

"எனக்கென்ன கை இல்லையே?"

எங்கள் வீட்டின் மூன்று பக்கமும் தொடர்மாடிகள். அக்கா அம்மாவின் பழைய வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு மண்வெட்டியும் அலவாங்குமாக இறங்கியபோது எல்லாப் பல்கனியிலும் ஆட்கள் நின்றார்கள். வெள்ளவத்தை மண் கடற்கரை மண். இன்று வெட்டினால் நாளை சரிந்து மூடும். முதல் கிடங்கு அப்படித்தான் ஒரு மழையோடு இடிந்து விழுந்தது. அன்று வந்திருந்த பெரிய மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு கிடங்கு எந்த மூலையில் இருக்கிறது என்று பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றது.

"இது கன்னி மூலையெல்லோ! இதில கிடங்கு வெட்டினால் வீட்டுத் தலைக்குக் கூடாது. மூடு பிள்ளை."

அக்கா மூடவில்லை. பக்கங்களைச் சரிவாக வெட்டி, சீமெந்துக் கல் அடுக்கி, கம்பி வலை விரித்து, தானே சாந்து குழைத்துப் பூசினார். நான் பாடசாலை விட்டு வந்து வாளி தூக்கிக் கொடுப்பேன். சீமெந்து அவருடைய கைகளைத் தின்றுவிட்டது. விரலிடுக்கெல்லாம் வெடித்து, சோறு பிசையும்போது உப்பு எரிந்து கண்ணில் நீர் வரும். கரண்டியால் சாப்பிடச் சொன்னால் கேட்கமாட்டார்.

புதுச் சீமெந்துத் தொட்டியில் உடனே மீன் விட்டால் சுண்ணாம்புக் காரத்தில் செத்துப்போகும். வாழைக்குத்திகளை வெட்டிப் போட்டு, ஊறவிட்டு, இறைத்து, திரும்பவும் நிரப்பிக் காரத்தை எடுக்க வேண்டும். வெள்ளவத்தையில் வாழைக்கு எங்கே போவது? காலி வீதியில் உள்ள கலியாண மண்டபத்துக்கு அக்கா போனார். முதல் நாள் கலியாணத்துக்கு வாசலில் கட்டிய வாழைகளைக் காவலாளியிடம் கேட்டு வாங்கி, ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அந்நேரம் பார்த்து மாமாவும் மாமியும் வாசலில் நின்றார்கள்.

"தன்ர கலியாணத்துக்குக் கட்டாத வாழையை இப்ப இழுத்துக்கொண்டு வாறாள், பாருங்கோவன்" என்றார் மாமி. மெதுவாகச் சொல்லவில்லை. ஓட்டோக்காரருக்கும் கேட்டது.

"ஒரு பக்கம் பிடிச்சு விடுங்கோ மாமி, பாரமாக் கிடக்கு" என்றார் அக்கா.

மாமி பிடிக்கவில்லை. இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் மாமி, அன்று நீங்கள் சொன்னதை அக்கா மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

குளம் நிரம்பி, மீன்கள் வந்தன. அக்கா அவற்றுக்கு எங்கள் உறவுமுறைகளையே பெயராக வைத்தார். தீனி போட்டதும் மற்றவற்றை இடித்துத் தள்ளிக்கொண்டு வரும், தலையில் செம்மஞ்சள் பொட்டுள்ள தடியன் பெரிய மாமா. அதன் பின்னாலேயே வாயைத் திறந்துகொண்டு வருவது மாமி. எந்நேரமும் சுற்றிக்கொண்டு ஓரிடத்தில் நில்லாதது தம்பி. கறுப்பாக ஒன்று இருந்தது. ஆட்களைக் கண்டால் கல்லுக்குக் கீழே போய் ஒளித்துக்கொண்டு, எல்லாரும் போன பிறகுதான் மேலே வரும்.

"அதுதான் நீ. ஒளிச்சு நிண்டு முறைக்கும்" என்று அக்கா என்னைச் சீண்டுவார்.

மீன்கள் வந்த பிறகு அக்கா சந்தையில் மீன் வாங்குவதை விட்டுவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. குளத்தைப் பார்த்தால் தெரியும்.

தொடர்மாடியிலிருந்து யாரோ முறைப்பாடு செய்து, டெங்கு நுளம்பு தேடிச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். டோர்ச் அடித்து அடித்துப் பார்த்தார். நுளம்புப் புழு ஒன்றும் இல்லை. மீன்கள் வெளிச்சத்துக்கு மேலே வந்தன. "ஹரிம லஸ்ஸணய் மிஸ்" என்று சிங்களத்தில் சொல்லி, இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். அந்தக் குளம் அழகு என்று அக்காவின் முகத்துக்கு நேரே சொன்ன ஒரே ஆள், எங்களுக்கு ஒரு வகையிலும் சொந்தமில்லாத அந்த மனிதர்தான்.

பிறகு அக்காவுக்கு வயிற்றில் நோய் கண்டது. கண்டபோதே முற்றியிருந்தது. கடைசி வாரங்களில் கட்டிலைப் பின்கதவருகே போட்டோம், குளம் தெரியட்டும் என்று. சொந்தங்கள் அப்பிளும் திராட்சையும் கொண்டு வந்தார்கள். அக்காவால் தண்ணீரே குடிக்க முடியாது. கொண்டு வந்தவர்களே வெட்டிச் சாப்பிட்டார்கள். பெரிய மாமா கட்டில் தலைமாட்டில் கதிரையைப் போட்டு அமர்ந்து, அக்கா கேட்கத்தக்கதாக மாமியிடம் சொன்னார்: "அந்தக் கிடங்குதான் இவளைத் தின்னுது. அண்டைக்கே சொன்னனான், கேட்டாளே?"

அக்கா கண்ணைத் திறந்தார். "கிடங்கு வெட்டாத ஆக்களும் சாகினம்தானே மாமா. நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறப்போகுது."

அவர்கள் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நான் போன உடன மாமா மண் லொறியோடதான் வருவார். குளத்தை மூட விட்டிடாத."

"விடமாட்டன் அக்கா."

"எனக்கு முன்னால உனக்கு வாய் பெரிசு. நாலு பேரைக் கண்டால் ஒளிச்சிடுவாய். இந்தமுறை ஒளிக்காத."

அக்கா என்னிடம் கேட்டது வாழ்நாளில் அது ஒன்றுதான்.

அவர் கண்மூடிய அந்த வாரத்தில் கறுப்பு மீனின் உடம்பில் வெள்ளை பூத்திருந்தது. வருத்தம் வந்த மீனை உப்புத் தண்ணீரில் தனியே விட வேண்டும் என்பது அக்கா பழக்கியது. செத்தவீட்டு அமளிக்குள்ளும் அதைப் பிடித்து, குளியலறைக்குப் பின்னால் இருந்த நீலப் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பரலில் விட்டு மூடி வைத்தேன். அது ஒருவருக்கும் தெரியாது.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவன்று கனடாவிலிருந்து வரும் தம்பியைக் கூட்டிவர நான் கட்டுநாயக்கா போனேன். விமானம் பிந்திவிட்டது. வீடு வந்து சேர்ந்தபோது பொழுதுபட்டுவிட்டது. "நேரம் போகுதெண்டு படைச்சிட்டம், இருந்து சாப்பிடுங்கோ" என்றார் மாமி. அக்காவின் படத்துக்கு முன்னால் தலைவாழையிலையில் சோறு, மீன் குழம்பு, மீன் பொரியல், முட்டை எல்லாம் இருந்தன. எங்களுக்கும் இலை போட்டார்கள்.

தம்பி பசியோடு சாப்பிட்டான். "கனடாவில மீன் எண்டு ஒண்டு விக்கிறாங்கள் மாமி, வாயில வைக்கேலாது. இதெல்லோ மீன்!" என்றான். பெரிய மாமா இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். எனக்குத் தொண்டையில் முள் குத்தியது.

"என்ன மீன் மாமி இது, ஒரே முள்ளாக் கிடக்கு?"

"உன்ர அக்காவின்ர மீன்தான் பிள்ளை. செத்தவை ஆசைப்பட்டதைத்தானே எட்டுக்குப் படைக்கவேணும். சின்னனிலயிருந்து மீனில்லாமல் சோறு தின்னமாட்டாளே. குளமும் மூடத்தானே போறம், வீணாக்கிறதே?"

வாயில் ஒரு கவளம் இருந்தது. சுற்றிவர இவ்வளவு பேர். துப்ப எனக்குத் துணிவு வரவில்லை. விழுங்கினேன். பெரிய மாமா அப்போது பெரிய மாமாவின் தலையை உறிஞ்சிக்கொண்டிருந்தார். செம்மஞ்சள் பொட்டுத் தோல் இலையோரம் கிடந்தது.

பின்கதவைத் திறந்தேன். அக்கா பூசிய சாந்து அடிவரை வெறுமையாகத் தெரிந்தது. அக்கா வாங்கி வைத்த பம்பைக் கொண்டே இறைத்திருந்தார்கள். வளவெல்லாம் செதில். தம்பி பின்னால் வந்து பார்த்துவிட்டு, மதிலோரம் போய்ச் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தான். அந்த ஒரு காரணத்துக்காக அவனை மன்னித்தேன்.

மறுநாள் காலையில் மண் லொறி வந்தது. நான் வெறுங்குளத்துக்குள் இறங்கி நடுவில் இருந்துகொண்டேன்.

"எழும்பு பிள்ளை, வேலையாக்கள் காத்துக்கொண்டு நிக்கிறாங்கள்" என்றார் பெரிய மாமா.

"கொட்டுங்கோ மாமா. என்னோட சேர்த்துக் கொட்டுங்கோ. மேல பல்கனியில எல்லாரும் நிக்கினம், பாக்கட்டும். தங்கச்சியாரையும் உயிரோட தாட்டார் எண்டு நாளைக்கு வெள்ளவத்தை முழுக்கக் கதைக்கும்."

இவ்வளவு உரத்து நான் வாழ்நாளில் கதைத்ததில்லை. மாமா அண்ணாந்து பல்கனிகளைப் பார்த்தார். அக்காவின் சாவுக்கு அசையாத முகம் அதற்கு அசைந்தது. லொறி திரும்பிப் போனது.

முறைப்படி இனி நன்றி சொல்ல வேண்டும். அக்காவைக் கடைசிவரை முகம் சுளிக்காமல் பராமரித்த மருத்துவருக்கும் தாதியருக்கும் நன்றி. கிரியைகளைச் செய்து தந்த குருக்களுக்கும், பாடை தூக்கியவர்களுக்கும், மூன்று நாளும் கதிரை தந்த பக்கத்துத் தொடர்மாடியாருக்கும் நன்றி. நுளம்பு தேடி வந்து மீன் பார்த்துப் போன பரிசோதகருக்கு நன்றி. நோயாளிக்குக் கொண்டு வந்த பழங்களைத் தாங்களே சாப்பிட்டு வீணாகாமல் காத்த சொந்தங்களுக்கு நன்றி. எட்டுச் செலவுக்குச் சமைத்த மாமிக்கும், இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டு அக்காவின் ஆத்மாவைக் குளிர்வித்த பெரிய மாமாவுக்கும் விசேடமாக நன்றி.

இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து வீடு வரும் நீங்கள் பின்வளவுக்கும் போவீர்கள். குளத்தில் தண்ணீர் நிறைந்திருப்பதையும் நீலப் பரல் வெறுமையாகக் கிடப்பதையும் காண்பீர்கள். மீன் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பீர்கள். பார்த்துப் பயனில்லை. எல்லோரும் இருந்து உணவருந்திச் செல்லுங்கள், இன்று மரக்கறிதான். நீங்கள் போன பிறகுதான் அது மேலே வரும்.

தங்கை