கனடாவுக்குத் தூக்கிக் காட்டிய கை

பாரிசவாதம் வந்து என் இடது கை விழுந்தபின், கணவர் அந்தக் கைக்கு ஒரு வேலை கண்டுபிடித்தார். கனடாவிலிருந்து மகன் வீடியோவில் வரும்போதெல்லாம் அதை உயர்த்திக் காட்டுவது. போனைச் சீனிப் போத்தலில் சாய்த்துவிட்டு, நான் இருக்கும் கதிரைக்குப் பின்னால் நின்று, தன் விரல் தெரியாதபடி என் முழங்கையைப் பிடித்துக் காதுக்கு மேலே இழுப்பார்.

"பாரன், கொம்மான்ரை கை எவ்வளவு வந்திட்டுதெண்டு!"

அங்கே மகனும் மருமகளும் கைதட்டுவார்கள். இங்கே எனக்கு நோவில் உயிர் போகும்.

"நோகுதப்பா" என்பேன், இவருக்கு மட்டும் கேட்க.

"கொஞ்சம் பொறும், பிள்ளை பாக்கிறான்."

என் ஆசை பெரிதில்லை. என் தலைமுடியை நானே பின்ன வேண்டும். அவர் பின்னிவிடும் பின்னலோடு பருத்தித்துறைச் சந்தைப்பக்கம் தலைகாட்ட முடியாது. ஆனால் தோள் நாளுக்குநாள் இறுகி, சட்டைக்குள் கையை நுழைப்பதே பெரும்பாடாகியது. யாழ்ப்பாணத்துக்கு ஸ்கானுக்குக் கொண்டுபோனார்.

எனக்கு முன் படுத்தவருக்கு ஸ்கானுக்காகப் பூசிய களி இன்னும் கட்டிலில் விரித்த துவாயில் ஈரமாக இருந்தது. சீ! அதன்மேல்தான் இருத்தினார்கள். டொக்டர் என் தோளிலும் அந்தக் களியைப் பூசி, கருவியை அழுத்தி, கையை மெல்ல வெளிப்பக்கம் திருப்பினார். திரையில் கறுப்பாக ஒரு கோடு.

"இதிலை நீர் கட்டியிருக்கு அம்மா. தசைநாரும் கிழிஞ்சிருக்கு. ஆரும் கையைப் பிடிச்சு மேலை இழுக்கிறவையோ?"

"அப்பிடி ஒருத்தரும் இல்லை டொக்டர்" என்றார் கணவர், சுவரைப் பார்த்தபடி. களியைத் துடைக்கலாம். அந்தப் பதிலை எதால் துடைப்பது?

"இனி இழுக்க விடாதேங்கோ. தோள் இன்னும் இறுகினா, கை தலைக்கு எட்டாது."

அன்று பின்னேரம் மகன் வீடியோ கோல் எடுத்தான். பழக்கதோஷம், இவர் என் முழங்கையைத் தேடினார். நான் வலது கையால் போனைப் பறித்தேன்.

"மோனை, நான் ஒருநாளும் கையைத் தூக்கேல்லை. கொப்பர்தான் பின்னாலை நிண்டு தூக்கினவர்."

மகன் மருமகளைத் திரும்பிப் பார்த்தான்.

"அது எங்களுக்குத் தெரியும் அம்மா. அப்பான்ரை சேட்டுக்கை தெரியிறதுதானே. அவர் சந்தோசப்படட்டும் எண்டுதான் கைதட்டினனாங்கள்."

அவன் சந்தோஷப்பட இவர் இழுத்திருக்கிறார். இவர் சந்தோஷப்பட அவன் தட்டியிருக்கிறான். நார் கிழிந்தது எனக்கு. இரண்டு பேர் முகத்திலும் காறித் துப்பலாம் போலிருந்தது.

போனைக் கவிழ்த்து வைத்தேன். இவர் சீப்போடு வந்து பின்னால் நின்றார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு, பின்னிவிடத் தலையைக் கொடுத்தேன்.