கோபத்துக்குக் கட்டின இலையான்

சால்மன் மீன் இலையான் தின்னும் என்று மாமாவுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். எனக்கு அப்போது பத்து வயது. வீட்டிலேயே இங்கிலீஸ் திறமாகத் தெரிந்த ஆள் நான் என்ற நினைப்பும் கொஞ்சநஞ்சமில்லை. மாமா கோப்பை கழுவிய ரெஸ்ரோறண்டில் யாரோ அவரிடம், ரூஜ் ஆற்றில் இந்த மாதம் சால்மன் ஏறும், அதற்கு ‘ஃபிளை’ போட்டால்தான் பிடிபடும் என்று சொல்லியிருந்தார்கள். ஃபிளை எண்டால் என்ன பிள்ளை என்று கேட்டார். இலையான் என்றேன், குப்பையில் மொய்க்கிற ஈ. அதில் என்ன சந்தேகம்? பள்ளிக்கூடத்துப் படப்புத்தகத்திலும் இலையான்தான் இருந்தது.

ஆகவே ஒரு சனிக்கிழமை காலை, நாங்கள் இரண்டு பேரும் எங்கள் ஸ்காபரோ அப்பார்ட்மெண்டின் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் நின்று ஜாம் போத்தலுக்குள் இலையான் பிடித்தோம். குப்பை போட வந்த சனம் எங்களைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. மாமாவுக்கு ஒரு கூச்சமும் இல்லை.

அவருக்கு மீன்பிடியில் ஆசை வந்து செய்த வேலையல்ல இது. எல்லாம் அம்மாவுக்காக. அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, ஊரில் சண்டைக்குள் இடம்பெயர்ந்து போன இடத்தில் காய்ச்சல் வந்து செத்துப்போனா. செய்தி வந்து சேர்ந்ததே பிந்தித்தான். முப்பத்தொரு நாளும் வீட்டில் சைவம். அந்தியேட்டிக் கிரியை முடிந்தபிறகு மீன், இறைச்சி என்று மச்சம் சாப்பிடலாம் என்பதுதான் முறை. அம்மா மச்சமும் சாப்பிடவில்லை, சைவமும் சாப்பிடவில்லை. சோற்றைப் போட்டுப் பிசைந்து பிசைந்து, எழும்பிப் போய்க் கையைக் கழுவிவிடுவா. காப்பு முழங்கை வரை ஏறி இறங்கியது. ஒருநாள் ஃபக்ரறியில் தலைசுற்றி விழுந்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா கெஞ்சினார், ஏசினார், பிறகு இரண்டாவது வேலைக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டார். எனக்கோ பயம். இரவில் அம்மாவுக்கு மூச்சு வருகிறதா என்று விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் படுப்பேன்.

அம்மாவின் தம்பியான மாமா அப்போது எங்கள் வீட்டு சோபாவில்தான் படுத்தார். கடையில் வாங்கிவந்த மீனை அம்மா மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்து, “ஐஸில கிடந்து ஊறினது” என்று தள்ளிவிட்ட அன்றைக்கு அவர் முடிவெடுத்தார். துடிக்கத் துடிக்க ஒரு மீன் கொண்டுவந்து வைத்தால் அக்கா என்ன சொல்லுவா, பார்ப்போம்.

இலையானைத் தூண்டிலில் குத்தி வீசினால் அது காற்றிலேயே கழன்று போனது. தண்ணீரில் விழுந்த ஒன்றிரண்டையும் விரல்நீள மீன்குஞ்சுகள் விழுங்கின. காலடியில் உலக்கை மாதிரிப் பெரிய பெரிய சால்மன்கள் எங்களை ஒரு பொருட்டாகவே எண்ணாமல் நீந்திப்போயின. கொஞ்சம் கீழே, நெஞ்சளவு ரப்பர் உடுப்போடு ஆற்றுக்குள் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெண் எங்கள் ஜாம் போத்தலைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு! சிரித்து முடிந்ததும் கரைக்கு வந்து தன் பெட்டியைத் திறந்து காட்டினா. அதற்குள் இருந்தவை இலையான்களே அல்ல. தூண்டில் ஊசியில் இறகும் மயிரும் நூலும் வைத்துக் கட்டிய பொம்மைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவ சொன்னதை நான் அப்படியே மாமாவுக்குத் தமிழில் சொன்னேன். “உதுகள் முட்டை போடத்தானாம் ஆத்தில ஏறுறது. இனிச் சாப்பிடாதாம் மாமா. பசி இல்லையாம்.”

“அப்ப என்னத்துக்குக் கடிக்கும்?”

கேட்டுச் சொன்னேன். “கோபத்திலயாம். மூக்குக்கு முன்னால திரும்பத் திரும்பக் கொண்டுபோய் ஆட்டினால், பொறுக்கேலாமல் ஒருக்காக் கடிக்குமாம்.”

மாமா அந்த இடத்தை இன்னொரு தரம் கேள் என்றார். கேட்டேன். அதே பதில்தான். சரியாகத்தானே சொன்னேன், ஏன் என்னை நம்பவில்லை என்று எனக்கு உள்ளுக்குள் புகைந்தது.

அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேசை பட்டறையாகிவிட்டது. தூசு தட்டும் இறகுத் துடைப்பத்தை மாமா மொட்டையாக்கினார். பழஞ்சீலைக் கரையிலிருந்து சரிகை உருவினார். என் செம்மஞ்சள் கையுறையிலிருந்து கம்பளி நூலும் போனது. ரெஸ்ரோறண்ட் வேலை முடிந்து கை வெளிறி ஊறிப்போய் வருவார். அந்தக் கையாலேயே ஊசியில் இறகைப் பிடித்து, நூலைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போடுவார். அம்மா சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பா. ஒருநாள்கூட இதென்ன கூத்து என்று கேட்கவில்லை.

தண்ணீர் தெளிந்திருந்தால் சின்னதாக, மங்கலாக. கலங்கியிருந்தால் பெரிதாக, பளிச்சென்று. அந்தப் பெண் சொன்ன கணக்கு அதுதான். தெளிந்த ஒரு சனிக்கிழமை கறுப்பு இறகைக் கட்டிக்கொண்டு போனோம். வீசின வீச்சில் அது கரையோர வில்லோ மரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த கிழமை ஊதாவை மீன் திரும்பியும் பார்க்கவில்லை. விடுங்கோ மாமா, குளிருது, போவம் என்று நான் அழாக்குறையாகச் சொன்னேன். “பொத்திக்கொண்டு நில்லடி, அது கடிக்காமல் நான் போகமாட்டன்” என்றார். என்னிடம் அவர் அப்படிக் கடுமையாகப் பேசியதே இல்லை.

பிறகு இரண்டு நாள் விடாமல் மழை. ஆறு கலங்கித் தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. செம்மஞ்சளைக் கட்டுங்கோ என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். என் கையுறை அல்லவா! மழையோடு ஏரியிலிருந்து புதிதாக ஏறிய மீன் ஒன்று, இன்னும் கறுக்காமல் வெள்ளியாக, ஒரு கல்லுக்குப் பின்னால் நின்றது. மாமா அதன் மூக்குக்கு முன்னால் செம்மஞ்சளை இழுத்தார். எடுத்தார், வீசினார், இழுத்தார். மீன் விலகியது. மறுபடி இழுத்தார். வாலை ஒரு அடி அடித்தது. மறுபடி. எத்தனை தரமென்று ஆர் கண்டது? கடைசியில் அது பாய்ந்து கவ்விய கவ்வலில் மாமா இடுப்பளவு தண்ணீருக்குள் விழுந்தார், விழுந்தும் தூண்டில் தடியை விடவில்லை. ஐயோ மாமா, விடாதேங்கோ என்று நான் கத்தியது மார்க்கம் வரைக்கும் கேட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கூத்து வேறு மாதிரிப் போனது. நான்தான் சமைக்கப்போறன் என்றார் மாமா. நடுத்துண்டுகளை மஞ்சள் போட்டுக் கழுவி, மூடி, ஃபிரிட்ஜில் வைத்தார். வாலையும் செட்டையையும் மட்டும் சட்டியில் போட்டார். இவ்வளவு பெரிய மீனில் இதென்ன கஞ்சத்தனம் என்று நினைத்தேன். தேங்காய்ப்பாலை முதலிலேயே விட்டுக் கொதிக்கவைத்துத் திரியப் பண்ணினார். சோபாப் பக்கம் கேட்கிற மாதிரி, “புளி எவ்வளவு விடுறது? சரி, முழுக்க விடுவம்” என்றார். பிறகு அலுமாரியைத் திறந்து கறுவாப்பட்டையை எடுத்து முறித்துப் போட்டார்.

கறுவா மணம் கூடத்துக்குள் போனதுதான் தாமதம், அம்மா எழும்பி வந்தா.

“விசராடா உனக்கு? ஆராவது மீனுக்குக் கறுவா போடுவினமே?”

“ஏன், போட்டால் என்ன?”

“என்னவோ! நல்ல மீனை ஏன்ரா இப்பிடிப் பழுதாக்கிறாய்? தள்ளு அங்கால!”

சட்டியை அப்படியே குப்பையில் கவிழ்த்தா. வேறு மீன் இருக்கோ என்று கேட்டா. நான் ஓடிப்போய் நடுத்துண்டுகளை எடுத்துக் கொடுத்தேன். மாமாவை ஏசிக்கொண்டே வெங்காயம் வெட்டினா, ஏசிக்கொண்டே வெந்தயம் வதக்கினா, தூள் போட்டா. அவ்வளவு நாளும் சேர்த்து வைத்திருந்த சத்தமெல்லாம் அன்றைக்கு வந்தது. கொதித்ததும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கி உப்புப் பார்த்தா. காணாது என்று போட்டுவிட்டு மறுபடி பார்த்தா. பிறகு நின்ற நிலையிலேயே சோறு போட்டு, குழம்பு விட்டு, கண்ணீர் ஒழுக ஒழுகச் சாப்பிட்டா. நான் சந்தோஷத்தில் துள்ளினேன்.

மாமா தூண்டிலைத் துடைக்கவென்று பல்கனிக்குப் போனார், வெகுநேரம் உள்ளே வரவில்லை. காய்ந்த தடியை இவ்வளவு நேரம் என்னத்துக்குத் துடைக்கிறார், குழம்பு ஆறப்போகுது என்று எனக்கு எரிச்சல்.

மாமா இப்போது அஜக்ஸில் இருக்கிறார். அண்மையில் ஒருநாள் போனபோது மாமி வீட்டில் இல்லை. அவரே சமைத்துப் போட்டார். மீன்குழம்பு. முதல் வாயிலேயே நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அம்மாவின் குழம்பேதான், உப்புப் புளி ஒன்றும் கூடாமல் குறையாமல்.

“அம்மாட்டயே பழகினீங்கள்?”

“சின்னக்கா எங்க எனக்குப் பழக்கினவ! பெரியக்காதான். பள்ளிக்கூடம் போற வயசிலயே பக்கத்தில நிப்பாட்டிவைச்சுச் சொல்லித்தந்தவ.”

பெரியக்கா என்ற சொல்லை மாமாவின் வாயில் நான் கேட்டது அதுதான் முதல்தரம். பெரியம்மா செத்தது அம்மாவுக்கு மட்டும்தான் என்று நான் அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.