காற்றில் நிற்கும் கார்

குமாசி நகரத்தின் சுவாமே பட்டறைப் பேட்டையில் சர்பாங்கைத் தெரியாதவர்கள் குறைவு. ஏர் சஸ்பென்ஷன் வைத்த பழைய கார் எது உட்கார்ந்துபோனாலும் அவனிடம்தான் கொண்டுவருவார்கள். எல்லாம் ஐரோப்பாவில் பதினைந்து வருஷம் ஓடிக் களைத்து, கப்பலேறி வந்து, இங்கே மறுபிறவி எடுத்தவை. ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் பையும் அதற்குள் காற்றும் இருக்கும். காற்று போனால் காரின் வயிறு தரையைத் தொட்டுவிடும். மற்ற ஃபிட்டர்கள் பையைக் கழற்றி எறிந்துவிட்டு ஏதாவது ஒரு ஸ்பிரிங்கைத் திணித்து அனுப்புவார்கள். சர்பாங்குக்கு அது பிடிக்காது. சோப்புத் தண்ணீர் அடித்து, காதைக் கிட்டே வைத்து, காற்று எந்த வழியாகப் போகிறது என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டான்.

கெட்டிக்காரன்தான். ஆனால் மூன்று வருஷமாக அவன் எந்தக் காருக்கு அடியிலும் படுத்ததில்லை.

அவனுடைய கூட்டாளி அனானே அப்படிப் படுத்திருந்தபோதுதான் ஒரு கார் இறங்கியது. ஜாக்கி சரியவில்லை, எதுவும் உடையவில்லை. காற்று போனது, அவ்வளவுதான். காலைப் பிடித்து இழுத்தவன் சர்பாங். செருப்புதான் கையோடு வந்தது.

அதிலிருந்து சக்கர இடுக்கில் கையை விட்டு எட்டுகிற வேலையை மட்டும் செய்வான். எட்டாத வேலை வந்தால் முதுகுவலி என்பான். எதிர்ப்பட்டறை பெடியாகோ சும்மா விடுவானா?

"என்ன மாஸ்டர், மூணு வருஷமா முதுகு வலிக்குதே, எப்பதான் புள்ள பெறப்போவுது?"

பேட்டையே சிரிக்கும். சர்பாங்கும் சேர்ந்து சிரிப்பான். பயம் என்று சொல்வதைவிட முதுகு என்று சொல்வது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் துணி வியாபாரி மேடம் போமாவின் கார் வந்து நின்றது. வலது பின்பக்கம் படுத்துக் கிடந்தது. பைகளில் சோப்பு அடித்தான், ஒரு குமிழிகூட இல்லை. பம்ப் நன்றாக ஓடியது. வால்வும் சுத்தம். காரைக் காற்றால் முழு உயரத்துக்கு எழுப்பி, எஞ்சினை நிறுத்திவிட்டுக் காதை வைத்தான். பின் அச்சுக்கு மேலே, கை எட்டாத இடத்தில், சீறுகிற சத்தம் மெல்லிசாகக் கேட்டது. ஜாக்கி வைத்துத் தூக்கினால் பாரம் குறைந்து சத்தமும் நின்றுபோனது. கார் தன் காற்றிலேயே நிற்கும்போதுதான் அது கேட்டது. அடியில் போயே ஆக வேண்டும்.

"முதுகுவலி மேடம். நாளைக்கு யாரையாவது..."

"நாளைக்கு நான் அக்ரா போவணும். உன்னால ஆவலன்னா சொல்லு மாஸ்டர், பெடியாகோகிட்ட வுடுறேன். அவனுக்கு முதுகு நல்லாத்தான இருக்கு."

ரோஷம் வந்துவிட்டது. கார் இறங்கினாலும் அடியில் இருப்பவன் நசுங்காதபடி, அதன் சட்டத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் சக்கரத்தைப் படுக்கவைப்பது வழக்கம். அவனிடம் இருந்தது ஒன்றுதான். அதை இடது பக்கம் வைத்தான். இன்னொன்று பெடியாகோவிடம் கேட்கலாம். கேட்டால் பேட்டை முழுக்கச் சிரிப்பு. போமாவின் காரிலேயே ஸ்டெப்னி இருந்தது. அந்தம்மாள் தின்பதற்குக் கென்கே, சோளமாவு உருண்டை, வாங்கப் போன நேரத்தில் அதை எடுத்து, டிக்கியை மூடி, காரை மறுபடி முழு உயரத்துக்கு எழுப்பி எஞ்சினை நிறுத்தி, வலது பக்கம் வைத்தான். திரும்பி வந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் எதற்கு என்று கேட்பாள்.

மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான். வாய் உலர்ந்து நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. மூக்குக்கு மேலே இரண்டு டன் இரும்பு நிற்கிறது, அதைத் தாங்குவது காற்று என்ற நினைப்பைத் தள்ளத் தள்ள அதுவே வந்தது. சோப்புத் தண்ணீரை அடித்தான். பென்சில் பருமன் குழாய் ஒன்று தகட்டில் உராய்ந்து தேய்ந்திருந்த இடத்தில் நுரை பொங்கியது. கண்டுபிடித்துவிட்டான். ஒரு நொடி பயம்கூட மறந்துபோனது.

அப்போது வலது பக்கம் கரகரவென்று சத்தம். திரும்பினான். மோதிரம் போட்ட இரண்டு கைகள் ஸ்டெப்னியை வெளியே இழுத்துக்கொண்டிருந்தன.

சுவாமேயில் கார் விட்டவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாகக் காவல் காப்பார்கள். ஃபிட்டர்கள் நல்ல சாமானை எடுத்துக்கொண்டு ஓட்டைச் சாமானை மாட்டிவிடுவார்கள் என்ற சந்தேகம் எல்லோருக்கும் உண்டு. கென்கேயைத் தின்று முடித்த போமா, தன் புது ஸ்டெப்னி தரையில் கிடப்பதைப் பார்த்துவிட்டாள்.

"எடுத்து வச்சிக்கலாம்னு பாத்தியா? என் கண்ணு முன்னாடியேவா?"

"மேடம், டிக்கியத் திறக்காதீங்க..."

சக்கரத்தை உள்ளே போடத் திறந்துவிட்டாள். டிக்கி திறந்தால் அந்தக் காருக்கு விழிப்பு வந்துவிடும். உயரம் அதிகம் என்று அதற்குத் தோன்றும், காற்றை விடும். வயதான வால்வு, திறந்தால் சரியாக மூடாது. உஸ்ஸென்ற சத்தம் கேட்டதும் சர்பாங்குக்கு அனானேதான் ஞாபகம் வந்தான். இடது பக்கம் சக்கரத்தில் உட்கார்ந்து நின்றது. வலது பக்கம் நிற்காமல் வந்து அவன் நெஞ்சின் மேல் இறங்கியது. நகர முடியவில்லை. பாதி மூச்சுதான் இழுக்க முடிந்தது.

"ஐயோ, மாஸ்டர், உயிரோட இருக்கியா?"

"டிக்கிய... மெதுவா மூடுங்க. திறந்திருந்தா பம்ப் ஓடாது."

மூடினாள். அந்தச் சின்ன அதிர்வு விலா எலும்பில் இறங்கியது.

"ஏறி உக்காந்து... ஸ்டார்ட் பண்ணுங்க."

"நான் ஏறினா இன்னும் அமுங்குமே?"

அமுங்கும். அது அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். வேறு வழியில்லை.

"ஏறுங்க."

ஏறினாள். இருந்த பாதி மூச்சும் போனது. கண் இருட்டியது. கதவு சாத்திக்கொண்டது, எஞ்சின் உறுமியது, பம்ப் தொடங்கியது. இரும்பு அசையவில்லை. அவன் எண்ணவில்லை, வேண்டிக்கொள்ளவுமில்லை. வெறும் பயம், உடம்பு முழுக்க. பிறகு ஒரு விரற்கடை லேசானது. இன்னொரு விரற்கடை. யாரோ அவன் காலைப் பிடித்து இழுத்தார்கள். முழு ஆளாக வெளியே வந்தான். இழுத்தவன் பெடியாகோ.

போமா இறங்கி ஓடிவந்தாள்.

"அது எதுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பேனா? ஏன் சொல்லல?"

சர்பாங் இருமி முடித்தான்.

"பயமா இருந்திச்சு மேடம். அதச் சொல்லத்தான் வெக்கம். முதுகெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மூணு வருஷமா பயம்."

பெடியாகோவைப் பார்த்துத்தான் அதைச் சொன்னான். பெடியாகோ சிரிக்கவில்லை. தன் பட்டறைக்குப் போய் நான்கு சக்கரங்களை உருட்டி வந்து, காரின் நாலு மூலையிலும் படுக்கவைத்து, காலால் உதைத்துப் பார்த்தான்.

"குழாய நான் மாத்துறேன். நீ உக்காரு."

"இல்ல. எங்க தேஞ்சிருக்குன்னு எனக்குத்தான் தெரியும். நீ இங்க நில்லு. எங்கயும் போவாத."

மறுபடி படுத்தான். தலை உள்ளே போனதும் நின்றான்.

"பெடியாகோ."

"இருக்கேன்."

தோள் உள்ளே போனது.

"பெடியாகோ."

"இருக்கேன்யா. ரெண்டு கையையும் உன் கால் மேலதான் வச்சிருக்கேன்."

"மேடம்?"

"சாவி என் கையில இருக்கு மாஸ்டர். டிக்கி பக்கமே போவல."

ஒரு ஸ்பேனர் உரசுகிற சத்தம். பிறகு மறுபடியும் அந்தக் குரல், இன்னும் நடுங்கிக்கொண்டே.

"பெடியாகோ."

"இருக்கேன்."