பித்தான் போட முடியாத கைகள்

தேயிலைக் கொழுந்து பறிக்கும் என் விரல் மூட்டுகளில் கட்டிகள் கிளம்பி, வலியில் தூக்கமே போய்விட்டது. குளிர்தான் காரணம் என்று தைலம் தேய்த்தே வருடங்களைக் கடத்தினேன். தலவாக்கலை கிளினிக்கில் டாக்டர், "இது முடக்குவாதம்மா. மருந்துல வலி கொறையும். முன்னாடியே வந்திருந்தா வெரல் கோணியிருக்காது" என்றார்.

இரத்தம் எடுக்கக் கழற்றிய ஸ்வெட்டருக்குத் திரும்பப் பித்தான் போட முடியாமல் அழுதேன். வரிசையில் இருந்த சிங்களப் பெண்மணி ஒருவர் எழுந்து வந்தார். "வலிக்குதா, நங்கி?" என்று தங்கையை அழைக்கும் சிங்களச் சொல்லால் கேட்டபடி பித்தானைப் பிடித்தார். அவர் விரல்களிலும் அதே கட்டிகள். பல்லைக் கடித்துக்கொண்டே போட்டார்.

"விடுங்க அக்கா, ஒங்களுக்கும் வலிக்குந்தானே" என்றேன். கழுத்துவரை போட்ட பிறகுதான் போய் உட்கார்ந்தார்.

அடுத்த மாதம் அவரைத் தேடினேன். வரவில்லை. அதன்பிறகும் காணவில்லை.

என் கைகளைப் பார்த்து வீட்டில் எல்லோரும் பரிதாபப்படுகிறார்கள். வலி தெரிந்து தொட்டவர் அவர் ஒருவர்தான்.