மொத சொட்டு சாமிக்கு

இடஒதுக்கீட்டுப் போராட்டக்காரர்கள் புளியமரத்தை வெட்டிச் சாலையில் போட்டிருந்ததால், எங்கள் பேருந்து உளுந்தூர்பேட்டைக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. பக்கத்து இருக்கை முறுக்குமீசைக்காரர், பாண்டிச்சேரியில் வாங்கிய பீர் பாட்டிலை வேட்டி மடியில் மறைத்திருந்தார்.

"சாதாரண பீரு இல்லீங்க, ஓக்கு மரப் பீப்பாயில வருசக்கணக்கா ஊறின சீமைச் சரக்குங்க."

பாண்டிச்சேரிச் சரக்கு கடத்துகிறார்களா என்று சோதனை போடப் போலீஸ்காரர் ஏறினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மீசைக்காரரோ பாட்டிலைத் திறந்து கொஞ்சம் கீழே ஊற்றினார். வாசம் பேருந்தையே நிறைத்தது.

"இன்னாய்யா அது?"

"கல்வராயன் மலைக்குப் போறேங்க. முனியப்பனுக்குப் படையல். மொத சொட்டு சாமிக்குங்க."

போலீஸ்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கிப்போனார்.

மீசையைத் தடவியபடி எனக்கும் ஒரு வாய் கொடுத்தார். வெல்லப்பாகாக இனித்து, மரவாசத்தோடு தொண்டையை எரித்தது.

அவர் நம்பியது முனியப்பனையா, போலீஸ்காரரின் பக்தியையா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.