ஜாக்கிக்குச் சைபர்

சேஷாத்ரி போன பிறகு கனகவல்லி அழவில்லை. பிராங்பேர்ட்டில் அவளுக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் அவள் அழுவாள் என்று காத்திருந்து, பிறகு அலுத்துப்போய், டிபன் கேரியரில் ரசம் கொண்டுவருவதை நிறுத்திக்கொண்டன. அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. அழாத விதவையிடம் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்து பேசுவது?

எழுபத்திரண்டாம் வருஷத்துக் குளிர்காலத்தில், பல்கலைக்கழக ரசாயனக் கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அத்தோடு சரி. அவருடைய வேலையைப் பிடித்துக்கொண்டுதான் இவளுடைய விசா தொங்கிக்கொண்டிருந்தது. கோடைக்குள் சொந்தமாக ஒரு வேலை கிடைக்காவிட்டால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். கிளம்பினால் மாம்பலத்தில் மச்சினர் வீடு. பிள்ளைகுட்டி இல்லாத விதவைக்கு அந்த வீட்டில் எந்த மூலை ஒதுக்கப்படும் என்று அவளுக்குத் தெரியும். அந்த மூலையில் ஏற்கெனவே ஓர் அத்தை இருந்தாள். அங்கே போகமாட்டேன் என்ற பிடிவாதம் ஒன்றுதான் அவளுக்குள் உயிரோடு இருந்தது. மற்றதெல்லாம் மரத்துப்போயிருந்தது.

அவளுக்கு ஜெர்மன் அரைகுறை, படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் சீட்டுப் போடத் தெரியும். சனிக்கிழமை தோறும் சேஷாத்ரியோடு வேலை பார்த்த நடேசனும் அவர் மனைவி கிரிஜாவும் வருவார்கள். முன்னூற்று நாலு என்ற சீட்டாட்டம் ஆடுவார்கள். அது ஒரு தலைகீழ் ராஜ்யம். ராஜாவுக்கு வெறும் மூன்று, ராணிக்கு இரண்டு. ஜாக்கிக்குத்தான் முப்பது. அடுத்தபடி ஒன்பதுக்கு இருபது, ஆசுக்குப் பதினொன்று, பத்துக்குப் பத்து. கனகவல்லியும் சேஷாத்ரியும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே கட்சியாக ஆடுவார்கள். அவர் கைக்கு ஜாக்கி வந்துவிட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேஷ்டி முனையால் துடைப்பார். தனக்குத்தான் அந்த ரகசியம் தெரியும் என்று கனகவல்லி நினைத்திருந்தாள். நடேசனுக்கும் தெரியும், போகட்டும், பாவம் என்று விட்டுவைத்திருந்தார்.

ரயிலில் சிறிது தூரம் போனால் வெந்நீர் ஊற்றுக்குப் பெயர்போன ஓர் ஊர். அங்கிருந்த சூதாட்ட மாளிகையில் சீட்டுப் போடுவதற்குப் பெண்களையும் எடுக்கிறார்கள் என்று கிரிஜாதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கனகவல்லி மறுநாளே போய் நின்றாள். பயிற்சி கொடுத்த பிரண்ட் என்ற கிழவர் அவள் சீட்டைக் கலைப்பதைப் பார்த்ததும் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். பரீட்சையில் தேறினால் வேலை நிச்சயம், விசாவுக்கும் தாங்களே எழுதித் தருகிறோம் என்றார்.

அங்கே ஆட்டம் பக்காரா. கைச் சீட்டுகளைக் கூட்டினால் ஒன்பது வர வேண்டும், அதுதான் உச்சம். ஆசுக்கு ஒன்று. பத்தும் படச் சீட்டுகளும் சைபர். கூட்டுத்தொகை பத்தைத் தொட்டால் பத்தைத் தள்ளிவிட்டு மிச்சத்தைத்தான் சொல்ல வேண்டும். குழந்தைகூடக் கற்றுக்கொள்ளும். ஆனால் முதல் நாளே பிரண்ட் ஒரு ஜாக்கியையும் ஐந்தையும் போட்டபோது, அவள் வாய் முப்பது என்று ஆரம்பித்தது. மறுநாளும் அப்படியே. பரீட்சையில் இப்படித் தடுமாறினால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று அவர் வருத்தத்தோடு சொன்னார்.

வீட்டில் சேஷாத்ரியின் சீட்டுக்கட்டு இருந்தது. முன்னூற்று நாலுக்கு இரண்டு முதல் ஆறு வரை வேண்டாம் என்பதால் அவை டப்பாவுக்குள்ளேயே கிடந்து மொடமொடப்பாக இருந்தன. மற்றவை அவர் கைபட்டு அழுக்கேறி மெத்தென்று ஆகியிருந்தன. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, சமையல் மேஜையில் ஒவ்வொன்றாகப் போட்டு, உரக்கச் சொல்லிப் பழகினாள். ஜாக்கி வரும்போதெல்லாம் முதலில் எழுவது அந்தக் கண்ணாடி துடைக்கும் கை. அதன் பின்னால்தான் முப்பது வந்தது. முப்பதை விரட்ட வேண்டுமானால் முதலில் அந்தக் கையை விரட்ட வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது. விரட்டினாள். அதற்காகக்கூட அவளுக்கு வலிக்கவில்லை. வசந்தம் வருவதற்குள் புதுச் சீட்டு எது, பழையது எது என்று விரலுக்கு அடையாளம் தெரியாமல் போயிற்று.

பரீட்சையில் ஒரு பிசகும் இல்லை. விசாவும் வந்தது. பிரண்ட் கைகுலுக்கினார். மாம்பலத்து மூலையிலிருந்து தப்பினாள்.

அந்தச் சனிக்கிழமை கிரிஜா விடாப்பிடியாகச் சாப்பிடக் கூப்பிட்டாள். ரவிச்சந்திரன் என்று புதிதாக வந்திருந்த ஆராய்ச்சி மாணவனும் இருந்தான். நாலு பேர் ஆகிவிட்டதே என்று நடேசன் சீட்டுக்கட்டை எடுத்தார். ரவிச்சந்திரன் கனகவல்லிக்கு எதிரே, சேஷாத்ரி உட்காரும் இடத்தில் உட்கார்ந்தான். முதல் நாலு சீட்டு விழுந்ததும், கை நன்றாக இருந்தால் இத்தனை எடுப்பேன் என்று ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் பாஸ். கனகவல்லி கையைப் பார்த்தாள், பாஸ் என்றாள். மற்றவர்களுக்கும் ஒன்றும் தேறவில்லை. நாலு பேரும் பாஸ் என்றதால், திரும்பப் போடுவதற்காகச் சீட்டுகளை மல்லாத்தினார்கள்.

கட்டைச் சேர்க்க நீட்டிய கையை நடேசன் இழுத்துக்கொண்டார். கிரிஜாதான் கடைசியில் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, இந்தக் கைய வச்சுக்கிட்டா பாஸ் சொன்னீங்க?"

கனகவல்லி முன்னால் ஜாக்கி, ஒன்பது, ஆசு, பத்து, நாலும் டைமன். ஒரே ஜாதியில் இதைவிடப் பெரிய கை அந்த ஆட்டத்திலேயே கிடையாது. சேஷாத்ரி பதினோரு வருஷமாக எதிர்பார்த்து ஒருநாளும் கிடைக்காத கை. அவள் மறுபடி கூட்டிப் பார்த்தாள். சைபர், ஒன்பது, ஒன்று, சைபர். கூட்டினால் பத்து. பத்தைத் தள்ளினால் ஒன்றுமில்லை.

"ஒண்ணுமில்லேன்னு நெனச்சேன்" என்றாள்.

சொன்ன பிறகு எதிரே பார்த்தாள். ரவிச்சந்திரன் என்ன செய்வதென்று தெரியாமல் தன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தான். அந்த இடத்தில் முன்பு இருந்தவர் கண்ணாடியை எந்தக் கையால் கழற்றுவார், வலதா, இடதா? எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. நடேசனிடம் கேட்கலாமா என்று நினைத்தாள். கேட்கவில்லை. சேஷாத்ரி செத்துப்போனார் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.