புகைக்கூண்டின் விரிசல்

நல்லூரில் நாங்கள் வாங்கிய வீட்டில் எனக்குப் பிடித்த இடம் அடுப்படிதான். அங்கே ஒரு விறகடுப்பு, அதற்கு மேலே செங்கல்லில் கட்டிய புகைக்கூண்டு. என் வீட்டுக்காரர் மாடியில் ஷீட் போட்டு, பனியன் தைக்க ஆறு மிஷின் இறக்கினார். புகைக்கூண்டு அந்த அறையின் நட்டநடுவே ஏறிப் போனது. ஒரு நாள் அதில் விரிசல் விட்டது. அன்றிலிருந்து எங்களுக்குள் சண்டை.

விரிசல் வழியாகப் புகை கசிந்து வெள்ளைப் பனியனில் வாசம் ஏறுகிறது என்றார். கூண்டையே இடித்துவிட்டால் கட்டிங் டேபிள் போட இடமும் கிடைக்குமாம். பூசினால் போதும் என்றேன் நான். வெறும் பிடிவாதம் இல்லை. ஹால் முழுக்கத் துணி பண்டல். படுக்கையறையில் பாதி அட்டைப்பெட்டி. குளிக்கப் போனால் வாளிக்குள் நூல் கோன் கிடக்கும். என்னுடையது என்று மிச்சமிருந்தது அடுப்படி ஒன்றுதான். அதையும் விட்டுக்கொடுத்தால் நானும் ஒரு பண்டலாக மூலையில் உட்கார வேண்டியதுதான். கேஸ் அடுப்பும் இருந்தது. ஆனால் கொள்ளுப்பருப்பை மண்சட்டியில், விறகில் வேகவைத்துக் கடைந்தவள் அதைக் கேஸில் வைப்பாளா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மிஷின்கள் நிற்கும்போது மாடியில் பேசுவதெல்லாம் அந்த விரிசல் வழியாக என் அடுப்புக்கு வந்து சேரும். தைக்க வரும் பெண்களில் யாரைப் பெண் பார்க்க வந்தார்கள், யார் மாமியாரோடு பேசுவதில்லை, எல்லாம் எனக்கு அத்துப்படி. இதை யாரிடமும் நான் மூச்சு விடவில்லை.

தினமும் கரண்ட் போய்க்கொண்டிருந்த வருஷம் அது, இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ. கொத்தனார் வந்து பார்த்த அன்றும் பதினோரு மணிக்குப் போய்விட்டது. தைக்கும் பெண்கள் டீ குடிக்க வெளியே போனார்கள். நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். மேலே பேச்சு கேட்டது.

"கூண்டு நல்லாத்தானுங்க இருக்குது. விரிசல மட்டும் பூசிட்டாப் போதுமுங்க," என்றார் கொத்தனார். அந்த மனிதருக்கு இன்னொரு டம்ளர் மோர் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

"இல்லீங்க, இடிச்சே போடுங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

"டேபிள் போடறதுக்குங்களா?"

"டேபிள் எங்க வேணாப் போடலாமுங்க. அது அவகிட்டச் சொல்றதுக்கு. கரண்டு போனா, கீழ அவ பேசறது பூராவும் இந்த விரிசல்ல மேல கேக்குதுங்க. தெனமும் அடுப்பு முன்னால உக்காந்து என்னையத் திட்டுவா. அது கெடக்குது. பொகையில கெடந்து இருமறா பாருங்க, அதத்தான் கேக்க முடியல. சொன்னாக் கேக்கற ஆளுமில்லீங்க. கூண்டு போனா வெறகடுப்பையும் விட்டுருவா."

ஊதுகுழல் கையிலேயே நின்றுவிட்டது. மேலே பேசுவது கீழே கேட்டால், கீழே பேசுவதும் மேலே கேட்கும் என்று இத்தனை நாளில் எனக்குத் தோன்றவே இல்லையே! என்னென்ன திட்டியிருக்கிறேன் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்கு முன்பே அழுகை வந்துவிட்டது.

அண்ணாந்து கூண்டுக்குள் குரல் கொடுத்தேன்.

"ஏனுங்க, அடுப்ப எடுத்துரலாமுங்க. கூண்டு இருக்கட்டும்."

மேலே கொத்தனார் சிரிப்பது கேட்டது.

அப்படியே செய்தோம். விறகடுப்பைப் பெயர்த்து எடுத்தார்கள். மழை இறங்காமல் இருக்கக் கூண்டின் உச்சியில் ஒரு கல்லை வைத்து மூடினார் கொத்தனார். விரிசலைப் பூசக் கலவையோடு வந்தவரை நான்தான் தடுத்தேன். கொள்ளுப்பருப்பு கேஸில் வெந்தது. ருசி ஒரு படி மட்டம்தான். பிரமாதம் என்று அவர் கூசாமல் பொய் சொன்னார்.

அதற்குப் பிறகு, கரண்ட் போகிற நேரம் பார்த்துக் கூண்டுக்கு அடியில் போய் நின்று பொய்யாக இருமுவேன். படியில் தடதடவென்று இறங்கி வருவார். "டீ ஆறுதுங்க," என்பேன். பொய் இருமல் என்று தெரிந்த பிறகும், ஒரு நாளாவது அவர் மெதுவாக இறங்கி வந்ததில்லை.